பிரிண்டர் என்ட, உள்ளுக்க ஓடுற மை ஆற்ற முடிவு?

டொக்யார்ட்வீதி_கொப்பிக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை டவுனுக்க சின்னனா ஒரு கொமினிகேஷன் வச்சிருக்கிறன், போட்டோ கொப்பி, பிரிண்ட், லெமினேட்டிங், ரீலோட், இதுதான் வேலை. என்னட்ட ஒரு கலர் பிரிண்டர் இருக்கு, பிராண்ட் சொல்லேல்ல, சொன்னா இஞ்ச அதை வச்சே சண்டை தொடங்கிடும். ரெண்டு வருசமா வெளி மை தான் ஊத்தி ஓட்டுறன், ஒரு குறையுமில்ல.

போன வியாழக்கிழமை பின்னேரம் ரியூசன் மாஸ்டர் ஒருத்தர் வந்து மாதிரி வினாத்தாள் 60 செட் வேணும், பிள்ளையளுக்கு விடிய சோதினை எண்டார். சயன்ஸ் பேப்பர், படம் எல்லாம் கலர். 17 செட் போயிட்டு, பேப்பர் சிக்கிச்சு, ஓஃப் பண்ணி இழுத்தெடுத்து திரும்ப ஓன் பண்ணினா அப்டேட் செய்யவா எண்டு கேட்டது. அவசரத்தில ஓகேயை அமத்திட்டன். அதோட சரி. காட்ரிட்ஜ் செல்லாது எண்டு நிக்குது. ஊத்தினது காலமை தான், கையில பிடிச்சா கனம் தெரியுது. மாஸ்டர் கதிரையில இருந்து மணிக்கூட்டைப் பாக்கிறார், நான் காட்ரிட்ஜைக் கழட்டி அந்த செப்புப் புள்ளியளை அழிறப்பரால துடைக்கிறதும் மாட்டுறதும், துடைக்கிறதும் மாட்டுறதும். கடைசியில அவர் எழும்பி வேற கடைக்குப் போயிட்டார், பிழை சொல்ல ஏலாது.

கம்பனிக் காட்ரிட்ஜ் கறுப்பும் கலரும் சேத்து விலை கேட்டன், பிரிண்டர் வாங்கின காசில பாதிக்கு மேல வருது. பில் என்னட்ட இருக்கு, மேசை என்ட, கரண்ட் காசு நான் கட்டுறது, ஆனா உள்ளுக்க என்ன மை ஓடலாம் எண்டதை எங்கயோ இருக்கிற ஒருத்தன் முடிவெடுக்கிறான். பழைய நிலைக்குக் கொண்டு வர வழி இருக்கோ? இப்பிடிச் செய்ய அவங்களுக்கு உரிமை இருக்கோ? ரெண்டும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சீனன்குடாப்_பெடியன்:

மலிவு மை ஊத்தினா இப்பிடித்தான் அண்ணே. கம்பனி மையை வாங்குங்கோ, இல்லாட்டி வேற பிராண்ட் எடுங்கோ. பிடிக்காட்டி மாறலாம், அதுக்குத்தானே போட்டி எண்டு பேர். ஒருத்தரும் கழுத்தில கத்தி வைக்கேல்ல.

கிண்ணியா_றிப்பெயார்:

முதல்ல அந்த வைஃபையை நிப்பாட்டுங்க, யூ.எஸ்.பி. வயர்ல மட்டும் ஓட்டுங்க, மெனுவுக்குள்ள போய் ஓட்டோ அப்டேட்டையும் ஓஃப் பண்ணுங்க. பழைய பேர்ம்வெயாரை, அதான் மிசினுக்குள்ளயே இருக்கிற மென்பொருளை, திருப்பி ஏத்தறது மொடலைப் பொறுத்தது, சிலதுல ஏத்தலாம், சிலது பழசைக் கண்டாலே கதவைச் சாத்திரும். மொடல் நம்பரை இன்பொக்ஸ்ல அனுப்புங்க பாப்பம். காட்ரிட்ஜில பிழை ஒண்டுமில்ல, அதுல ஒட்டியிருக்கிற சின்னச் சிப்பைத்தான் மிசின் விசாரிக்கிது. மை என்ன நிறம், நல்லதா கெட்டதா எண்டு அதுக்குத் தெரியவே தெரியாது.

சீனன்குடாத் தம்பிக்கு ஒரு கதை. காட்ரிட்ஜ் இல்லாம தாங்கியில மை ஊத்துற டேங்க் பிரிண்டர் எப்பிடி வந்திச்சு எண்டு நினைக்கிறீங்க? இந்தோனேசியாவில கடைக்காரங்க பிரிண்டர்ல ஓட்டை போட்டு, வெளியில மைப் போத்தல் வச்சு குழாய் இழுத்து ஓட்டினாங்க, நம்மட ஊர்லயும் ஒரு காலம் செஞ்சதுதானே, நானே எத்தினையோ பூட்டிக் குடுத்திருக்கன். மை வியாபாரம் கையை விட்டுப் போகுது எண்டு கண்டுதான் எப்சன் 2010ல அதே இந்தோனேசியாவில தாங்களே தாங்கி வச்ச பிரிண்டரை இறக்கினாங்க. பொறவுதான் மத்தக் கம்பனியளும் வந்தது. அதால போட்டி எண்டது கம்பனிக்கும் கம்பனிக்கும் மட்டும் இல்ல, கம்பனிக்கும் மூலைக்கடைக்காரனுக்கும் இடையிலயும் இருக்கு. சிப்பு வச்சு அந்த மூலைக்கடைக்காரனை வெட்டி விட்டா டேங்க் பிரிண்டரும் வந்திருக்காது.

நிலாவெளிக்காரி:

"பிடிக்காட்டி மாறலாம்" எண்டது கடை வாசல்ல நிக்கும் மட்டும் தான் உண்மை. பிரிண்டரை மலிவா வித்துப் போட்டு மையில உழைக்கிறது இந்தத் தொழிலிட பழைய வழி, வாங்கேக்க பெட்டியில விலை இருக்கும், நாலு வருசத்துக்கு எவ்வளவு மை குடிக்கும் எண்டு இருக்காது. வாங்கி வீட்ட கொண்டு வந்தாப் பிறகு மாறுறதெண்டா முதல் போட்ட காசை எறியோணும். அது தெரிவு இல்ல, தண்டம்.

உரிமையைப் பற்றிக் கேட்டீங்கள். அமெரிக்காவில லெக்ஸ்மார்க் கம்பனி இதுக்காக கோர்ட் வரைக்கும் போனது. பாவிச்ச டோனர், அதான் தூள் மைக் காட்ரிட்ஜை, வாங்கி நிரப்பி விக்கிற இம்ப்ரெஷன் புரொடக்ட்ஸ் எண்ட சின்னக் கம்பனிக்கு எதிரா, இது எங்கட பேட்டன்ட், கண்டுபிடிச்ச உரிமை எங்களுக்குத்தான், திருப்பி நிரப்ப ஏலாது எண்டு வழக்கு. 2017ல உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க்குக்கு இல்லை எண்டு சொல்லிட்டுது. வித்தா வித்தது தான், அதோட அந்தச் சாமானில பேட்டன்ட் உரிமை முடிஞ்சுது. தலைமை நீதிபதி ரொபேட்ஸ் பழைய கார் திருத்தி விக்கிற கடையை உதாரணம் காட்டினவர், பாட்ஸ் செய்யிற ஒவ்வொரு கம்பனியும் வந்து கையைப் பிடிச்சா அந்தக் கடை நடக்குமோ எண்டு.

ஆனா வடிவாப் பாருங்கோ, நிரப்பி வித்தா பேட்டன்டைக் காட்டி மறிக்க ஏலாது எண்டு தான் தீர்ப்பு. நிரப்பினதை மிசின் ஏத்துக்கொள்ளோணும் எண்டு அதில இல்ல. சட்டத்தால மறிக்க ஏலாததை சிப்பால மறிக்கினம். உங்கட கடையில வியாழக்கிழமை நடந்தது அது தான்.

இன்னுமொண்டு. மாத்தலாம் எண்டா சனம் மாத்தும் எண்டு அர்த்தமில்ல. போன்ல முதல்ல வாற தேடல் தன்ட தேடலா இருக்கோணும் எண்டு கூகிள் 2021ல மட்டும் 26.3 பில்லியன் டொலர் மற்றக் கம்பனியளுக்குக் குடுத்ததெண்டு அமெரிக்க வழக்கில வெளிய வந்தது. செட்டிங்ஸுக்க போய் ரெண்டு தட்டுத் தட்டினா மாத்தலாம் தானே, பிறகேன் அவ்வளவு காசு? ஆரும் தட்ட மாட்டினம் எண்டு அவங்களுக்குத் தெரியும். 2024 ஓகஸ்ட்ல நீதிபதி மேத்தா அது சட்டவிரோத ஏகபோகம் எண்டு தீர்ப்புச் சொன்னவர்.

பாலையூத்து_வாசி:

போட்டி எண்டவுடன சிரிப்பு வருது. இலங்கையில ஒருக்கா அஞ்சு சிம் கம்பனி. 2018ல எடிசலாட் ஹட்ச்சோட சேந்தது, 2024ல எயார்டெல் டயலொக்கோட சேந்தது, இப்ப எண்ணிப் பாத்தா மூண்டு. என்ட வீட்டு அறைக்குள்ள அதில ஒண்டுக்குத்தான் சிக்னல். நான் எதைத் தெரிவு செய்யிறது, ஜன்னலையா?

சீனன்குடாப்_பெடியன்:

சரி, பிரிண்டர் விசயத்தில விட்டுத்தாறன். ஆனா எல்லாத்தையும் திறந்து விடோணும் எண்டும் இல்ல. போன்ல பாட்ஸுக்கு நம்பர் போட்டு, வேற போன்ல ஏற்காத மாதிரிப் பூட்டுறதால களவுப் போனைக் கழட்டி விக்கிறது குறையும். என்ட போன் போன வருசம் பஸ்ஸில போனது, அதால சொல்லுறன்.

கிண்ணியா_றிப்பெயார்:

நியாயமான கதை, களவுப் பாட்ஸ் நம்மட தொழிலுக்கும் கெட்ட பேர். ஆனா தம்பி, சொந்தக்காரனே ரெண்டு போன் கொண்டு வாறான், ஒண்டு ஸ்கிரீன் உடைஞ்சது, மத்தது போர்ட் செத்தது, அதை இதுல போட்டுத் தாங்க எண்டு. ரெண்டும் ஒரிஜினல், ரெண்டும் அவன்ட. போட்டா "தெரியாத பாகம்" எண்டு எழுத்து வருது, கஸ்டமர் என்ட மூஞ்சியைப் பாக்கிறான், நான் டூப்ளிக்கேட் போட்டுட்டன் எண்டு. 2024ல அமெரிக்காவில ஒரிகன் மாநிலம் இப்பிடிப் பூட்டுறதைத் தடுத்துச் சட்டம் கொண்டு வந்திச்சு. அதே வருசம் அப்பிளும் பாவிச்ச ஒரிஜினல் பாட்ஸை ஏத்துக்கிறம், ஆனா களவெண்டு பதிஞ்ச போன்ல கழட்டினதை விட மாட்டம் எண்டு புது மொடலுகளுக்கு வழி விட்டாங்க. ஆகக் களவையும் மறிக்கலாம், றிப்பெயாரையும் விடலாம், செய்ய மனசு வேணும்.

நிலாவெளிக்காரி:

இதில எனக்கு ஒரு கோபம் இருக்கு. ஐரோப்பாவில எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜர் எண்டு சட்டம் போட்டினம், 2024 டிசம்பர் 28ல இருந்து கட்டாயம். அதுக்கு முதலே 2023ல ஐபோன் 15 டைப்-சியோட வந்திட்டுது, இப்ப எங்கட வீட்டில அம்மாட போன், தம்பிட போன், என்ட போன் எல்லாத்துக்கும் ஒரே வயர், சண்டை தான் கூடிப் போச்சு. ஐரோப்பாவுக்கு ஒரு ஓட்டை, நிலாவெளிக்கு ஒரு ஓட்டை எண்டு போன் செய்ய ஏலாது, அதால அந்தச் சட்டம் பெட்டியோட சேந்து இஞ்ச வந்தது. 2027 பெப்ரவரியில பற்றரியை ஆக்கள் தாங்களே கழட்டக்கூடியதாச் செய்யோணும் எண்ட விதியும் அங்க வருது, அதுவும் இப்பிடி வரலாம்.

ஆனா அதே ஐரோப்பா 2024 மார்ச்ல ஐபோன்ல வேற அப் கடையும் இருக்கலாம் எண்டு திறப்பிச்சது. அது எங்களுக்கு வரேல்ல. மென்பொருளில நாடு பாத்துப் பூட்டலாம். உங்கட பிரிண்டர் சிப்பும் மென்பொருள் தான் அண்ணே, அங்க திறந்தாலும் இஞ்ச திறக்கோணும் எண்டில்ல. எங்கட பக்கத்தில 2003ம் ஆண்டு நுகர்வோர் அதிகார சபைச் சட்டம் இருக்கு, முறைப்பாடு குடுக்கலாம், பில்லை எறியாம வச்சிருங்கோ. பெட்டியில "கம்பனிச் சிப் மட்டும் தான் வேலை செய்யும்" எண்டு சின்ன எழுத்தில இருக்கோ எண்டும் பாருங்கோ. இருந்தா அவங்கட கை மேல, இல்லாட்டி உங்கட கை மேல.

டொக்யார்ட்வீதி_கொப்பிக்கடை:

எல்லாருக்கும் நன்றி, கிண்ணியா றிப்பெயார் காக்காவுக்கு விசேசமா. பெட்டியைத் தேடினன், பின்பக்கம் அடியில இருக்கு அந்த வசனம், லென்ஸ் வச்சுப் பாக்கிற சைஸ்ல, இங்கிலிஷ்ல. வாங்கேக்க கடைக்காரரும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல. பழைய பேர்ம்வெயார் ஏத்திப் பாத்தம், ஏறேல்ல. அதால மாஸ்டருக்காக ஒரே ஒரு கம்பனிக் காட்ரிட்ஜ் வாங்கிப் போட்டு மிச்சம் 43 செட்டையும் அடிச்சு வச்சன், அவர் வரேல்ல, சோதினை முடிஞ்சுதாம். பிழைச்ச பேப்பரோட சேத்து வாசல்ல வச்ச பெட்டியை கோட்டைப் பக்கத்து மான் ரெண்டு வந்து கிளறி, செரிமானத் தொகுதிப் படத்தை நிண்டு சப்பினதுகள், கம்பனி மையெண்டு முகம் சுளிக்கேல்ல.

காக்கா, நீங்க இன்பொக்ஸ்ல சொன்ன அந்த செக்கன்ட் ஹாண்ட் டேங்க் பிரிண்டர் இன்னும் இருக்கெண்டா ஞாயிற்றுக்கிழமை பாலத்தால வாறன். மிச்ச மையை உறிஞ்சிற கழிவு மைப் பஞ்சு நிறைஞ்சிட்டுதெண்டு அதுவும் ஒரு நாள் நிண்டிடும் எண்டு கேள்விப்பட்டன், அதுக்கு ரீசெட் நீங்களே செய்து தருவீங்களோ, இல்ல அதுக்கும் எங்கயோ கேக்கோணுமோ?

கிண்ணியா_றிப்பெயார்:

இருக்கு, வாங்க. பஞ்சு நான் கழுவித் தாறன். வைஃபை பாஸ்வேர்ட் மட்டும் அதுக்குச் சொல்லிக் குடுத்திராதீங்க.