உதவி தேவை: ஸ்டாண்டர்டு காருக்குப் பின்கதவும் தரைத்தகடும் எங்கே கிடைக்கும்?

திருவொற்றியூர்_வாசி
காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வாங்கிய ஸ்டாண்டர்டு கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. இடப்பக்கத் தரைத்தகடு துருவேறி, கால்மிதியை விலக்கினால் சாலை தெரியும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. அதே பக்கத்துப் பின்கதவும் சில மாதங்களாகச் சரியாகச் சாத்தவில்லை. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து அறைந்தால்தான் பூட்டு விழுகிறது. பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் கேட்டதற்கு, இந்த வண்டிக்குக் கதவே வராது என்று கையை விரித்துவிட்டார்கள். தை மாதம் வீட்டில் ஒரு திருமணம் இருக்கிறது. மணமகளை இந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். கதவும் தகடும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். வேலைக்குக் கிளம்புகிறேன், மாலையில் வந்து பார்க்கிறேன்.

பழைய_பதிவெண்
காலை 7.15

ஐயா, ஸ்டாண்டர்டு என்று மட்டும் சொன்னால் போதாது. வண்டலூர்ப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையிலிருந்து பல வண்டிகள் வெளிவந்தன. 1961 முதல் வந்த இரண்டு கதவு ஹெரால்டா, 1968-க்குப் பின் வந்த நான்கு கதவு மார்க் 3-ஆ, 1972 முதல் 1977 வரை வந்த கெஸலா, அல்லது 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000-ஆ? பின்கதவு என்று எழுதியிருப்பதால் இரண்டு கதவு வண்டி இல்லை என்பது புரிகிறது. மற்றதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கெஸலின் பின் அச்சுகூட ஹெரால்டினுடையதிலிருந்து வேறுபட்டது. எந்த வண்டி என்று தெரியாமல் யார் எந்தக் கடையைச் சொன்னாலும் உங்களுக்கு அலைச்சல்தான் மிஞ்சும்.

வியாசர்பாடி_லேத்
காலை 8.05

துரு தரையில் எந்த இடத்தில் இருக்கிறது? முன் இருக்கைக்குக் கீழா, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்திலா, பின் இருக்கைக்கு முன்னாலா? கதவின் மேல் விளிம்பில் இடைவெளி கூடியிருக்கிறதா, கீழ் விளிம்பிலா? வண்டி கடற்கரைச் சாலையோரம் திறந்த வெளியில் நிற்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் உங்கள் தெருவுக்குள் வந்தபோது வண்டி தண்ணீரில் நின்றதா? இவற்றுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகு கதவைப் பற்றிப் பேசலாம். எனக்கு இது கதவுக் கோளாறாகத் தோன்றவில்லை.

அம்பாசடர்_அபிமானி (மூத்த உறுப்பினர்)
காலை 9.30

தம்பி, இந்த இழைகளில் இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய பதிவுகளைப் படிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. பழைய கார்களில் கதவு இறங்கினால், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டி இற்றுவிட்டது என்று பொருள். வண்டியின் பாரம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. அதை அறுத்தெடுத்துவிட்டுக் கனமான சதுரக் குழாயை உள்ளே வைத்துப் பற்றவைத்தால் கதவு தானாக நிமிரும். கதவைத் தேடி நீங்கள் புதுப்பேட்டைக்குப் போனதே வீண். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பழைய வண்டியை வைத்திருக்கக் கூடாது.

காசிமேடு_ஃபைபர்
காலை 10.20

வணக்கம் நண்பரே. நாங்கள் காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்கிறோம். உப்புக்காற்றுக்கும் கடல்நீருக்கும் அசையாத பொருள் உலகில் ஒன்று உண்டென்றால் அது ஃபைபர்தான். துரு விழுந்த இடத்தை நன்றாகத் தேய்த்து, இரண்டு மூன்று அடுக்கு கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் பசையில் அது இறுகுவதற்கான ஹார்டனர் கலந்து ஊற்றி உருளையால் காற்றை வெளியேற்றிவிட்டால், ஒரே நாளில் தரை புதிதாகிவிடும். தகடு தேட வேண்டாம், வெல்டிங் வேண்டாம், இனி அந்த இடம் துருப்பிடிக்கவும் செய்யாது. திருமணத்துக்கு நாள் குறைவாக இருக்கும்போது இதுவே சரியான வழி.

திருவொற்றியூர்_வாசி
மாலை 7.50

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, 1970-ஆம் ஆண்டுப் பதிவு. ஓட்டை, முன் இருக்கைக்கு முன்னால் இடப்பக்க ஓரத்தில் இருக்கிறது. பின்கதவின் மேல் விளிம்பில் பின்பக்க மூலை முட்டுகிறது, முன்பக்கக் கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கிறது. வண்டி தெருவில்தான் நிற்கும். மிக்ஜாம் வெள்ளத்தில் இரண்டு நாள் சக்கர அச்சுக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பின் இருக்கைகளை வெயிலில் காயவைத்தோம். இது முக்கியம் என்று நான் நினைக்கவில்லை.

வியாசர்பாடி_லேத்
இரவு 8.40

அதுதான் மிக முக்கியமான செய்தி, ஐயா. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹெரால்டு, அம்பாசடரைப் போலவோ பத்மினியைப் போலவோ உடலே சட்டமாக இருக்கும் வண்டி அன்று. அதற்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. நடுவில் இரண்டு முதுகெலும்புச் சட்டங்கள் ஓட, அவற்றிலிருந்து இருபுறமும் கைகள் நீண்டிருக்கும். அவுட்ரிகர் எனப்படும் அந்தக் கைகளின் மேல்தான் உடல் போல்ட்டுகளால் உட்கார்ந்திருக்கிறது. கதவுக்குக் கீழே தெரியும் சில், இந்த வண்டியில் வெளியிலிருந்து போல்ட் போட்டு மாட்டிய மூடி மட்டுமே. அது பாரம் தாங்குவதில்லை. ஆகவே மேலே நண்பர் சொன்னபடி அதை அறுத்துச் சதுரக் குழாயை வைத்தால், கோணிப்போன நிலையிலேயே உடலை நிரந்தரமாகப் பற்றவைத்ததாக ஆகும். அதற்குப் பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

அவுட்ரிகர் உள்ளே வெற்றிடமான பெட்டி. வெள்ளநீர் உள்ளே போனால் சேறு அடியில் தங்கிவிடும். அந்தச் சேற்றில் உப்பும் இருக்கும், காற்றிலும் உப்பு இருக்கும், ஆகவே தகடு வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளிருந்து மெலிந்துகொண்டே வரும். மேலே பெயின்ட் மின்னும், உள்ளே ஒன்றும் இருக்காது.

உங்கள் வண்டியில் தரை ஓட்டையும் கதவு இறக்கமும் ஒரே பக்கத்தில் இருப்பதால், முதலில் இடப்பக்க முன் அவுட்ரிகரைச் சந்தேகிக்கிறேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முதுகெலும்புச் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சிறிய சுத்தியலால் அவுட்ரிகரின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். இற்ற இடத்தில் ஒலி மொத்தையாக வரும், சிவப்புப் பொடி உதிரும். அங்கே கனமான திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். பிறகு, கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணுக்குக் கீழே அகலமான மரப்பலகை வைத்து, ஜாக்கியால் மிக மெதுவாக, காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் உயர்த்திக் கதவைச் சாத்திப் பாருங்கள். கதவு இலகுவாகச் சாத்தினால், உங்களுக்குக் கதவு தேவையில்லை.

அம்பாசடர்_அபிமானி (மூத்த உறுப்பினர்)
இரவு 9.10

அனுபவம் என்று ஒன்று உண்டு, தம்பி. எந்த வண்டியாக இருந்தாலும் இரும்பு இரும்புதான். சதுரக் குழாய் வைத்து நான் செய்து கொடுத்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

ராயபுரம்_டிங்கர்
இரவு 9.45

அவை அம்பாசடர்களாக இருந்தால் ஓடத்தான் செய்யும், ஐயா. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அம்பாசடரில் சில்தான் பாரம் தாங்கும் உறுப்பு. ஹெரால்டில் அப்படி இல்லை என்பதை வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

எனக்கு வருத்தம் தருவது ஃபைபர் யோசனை. படகு முழுவதுமே ஃபைபர். அதற்கு அடியில் துருப்பிடிக்க இரும்பு இல்லை. காரில் நீங்கள் ரெசின் ஊற்றுவது பாதி இற்ற தகட்டின் மேல். வெயிலில் தகடும் ஃபைபரும் ஒரே அளவில் விரிவதில்லை. ஓட்டத்தில் உடல் முறுகும். ஆகவே விளிம்பு நாளடைவில் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் நீர் நுழைந்து, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். மேலிருந்து பார்த்தால் தரை பளபளப்பாக இருக்கும். கீழே தகடு கரைந்துகொண்டிருக்கும். இப்படி மூடி வைத்த வண்டிகளை உரித்தெடுத்துத் தகடு வைப்பது, முதலிலேயே தகடு வைப்பதைவிட இரட்டிப்பு வேலை. பட்டி போட்டு மறைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

காசிமேடு_ஃபைபர்
இரவு 10.05

படகில் இரும்பே இல்லை என்று சொல்ல முடியாது. எஞ்சின் உட்காரும் இடத்தில் கட்டையும் போல்ட்டும் வைத்து ஃபைபரால் மூடுகிறோம்; அலை அடித்தும் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. தேய்க்கும் வேலையைச் சரியாகச் செய்யாதவர்கள் ஃபைபரைக் குறை சொல்வது நியாயமன்று. பாரம் தாங்கும் இடத்தில் வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். டிக்கியின் தரையிலாவது செய்யலாமே.

ராயபுரம்_டிங்கர்
இரவு 10.30

நீங்கள் மூடுவது துருப்பிடிக்காத புதிய போல்ட்டை; இங்கே மூடச் சொல்வது ஏற்கெனவே துருவேறிய தகட்டை. தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் நுண்குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, உடனே உலர்த்தினால்தான் அது போகும். டிக்கியும் அப்படித்தான். மேலும் ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்தான் இருக்கிறது. அங்கே எந்த வேலை செய்வதானாலும் முதலில் டேங்கைக் கழற்றி வண்டியைவிட்டே தூரமாக வைக்க வேண்டும். வண்டியில் வேறு எங்கே வெல்டிங் செய்தாலும் இதே விதிதான். பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள். தயவுசெய்து இதில் யாரும் அலட்சியம் காட்ட வேண்டாம்.

பழைய_பதிவெண்
மறுநாள் காலை 6.55

விவாதம் நல்லதுதான், ஆனால் அவர் கேட்டது உதிரிபாகம். மார்க் 3 என்று தெரிந்துவிட்டதால் இப்போது தெளிவாகச் சொல்லலாம்.

பிரிட்டனில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். அந்த நாட்டில் இன்றும் அவுட்ரிகர், முன் சஸ்பென்ஷன், பிரேக் உறுப்புகள் ஆகியவற்றைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்கவரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்தால் விலை கடிக்கும். ஆனால் நான்கு கதவு ஹெரால்டை அவர்கள் விற்கவே இல்லை. அது நம் ஊரில் மட்டும் வந்த வண்டி. ஆகவே பின்கதவும் அதையொட்டிய தூணும் வெளிநாட்டில் எங்கும் கிடைக்கா. உடைப்புக்குப் போன மார்க் 3 கிடைத்தால் உண்டு. அதனால் இருக்கும் கதவை எந்தக் காரணத்துக்காகவும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கீழ் விளிம்பு இற்றிருந்தாலும் அந்த ஓரத்தை மட்டும் அறுத்து மடித்துப் புதிய தகடு வைக்கலாம்.

போல்ட் வாங்கும்போது கவனம் தேவை. இந்த வண்டியில் போல்ட் மரை அங்குலக் கணக்கில்தான் இருக்கும். மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து முடுக்கினால் மரை போய்விடும். பழைய போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று மண்ணடிக் கடைகளில் கேளுங்கள்.

இன்னொன்று: முன் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின் அடியில், சக்கரம் திரும்ப உதவும் மரையிட்ட மூட்டான ட்ரன்னியனுக்குப் பலர் கிரீஸ் அடிக்கிறார்கள். அதற்கு ஈ.பி. 90 என்ற கியர் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அந்த மரைக்குள் தண்ணீர் புகுந்து தண்டு அரித்திருந்தால், ஓடும்போதே அது முறிந்து சக்கரம் மடங்கிவிடும். மணமகளை ஏற்றும் முன் அதைக் கழற்றிப் பாருங்கள். கதவைவிட இது முக்கியம்.

பதிவைப் பற்றியும் ஒரு சொல். 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. சேசிஸிலோ உடலிலோ பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. ஆகவே எண் பொறித்த எந்தப் பகுதியையும் அறுக்க விடாதீர்கள்.

வியாசர்பாடி_லேத்
காலை 7.40

நண்பர் சொன்ன கதவு யோசனையை முழுமையாக ஏற்கிறேன். அவுட்ரிகர் இற்றிருந்தால் வெளிநாட்டிலிருந்து வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வலப்பக்க அவுட்ரிகர் நன்றாக இருந்தால் அதிலிருந்து அட்டையில் அச்சு எடுத்து, திருப்பிப் போட்டு, 16 கேஜ் கனமுள்ள சி.ஆர்.சி. (குளிர்முறையில் உருட்டிய இரும்பு) தகட்டில் மடித்துச் செய்துவிடலாம். தரைக்கு அதைவிட மெல்லிய 20 கேஜ் போதும். துத்தநாகம் பூசிய தகட்டை யாராவது பரிந்துரைத்தால், பற்றவைக்கும் ஓரங்களில் பூச்சை முற்றிலும் தேய்த்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் புகை உடலுக்குக் கேடு.

வேலை தொடங்கும் முன் கதவு வாய்களுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு கொடுத்து இறுக்க வேண்டும். உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள ரப்பரும் தகட்டுத் துண்டுகளும் எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று எழுதி வையுங்கள். கதவின் இடைவெளி அந்தத் துண்டுகளைப் பொறுத்தது. பழையதை முழுவதும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதியதைத் தேடாமல், ஒரு நேரத்தில் ஓர் அவுட்ரிகரை மட்டும் மாற்றுங்கள். கரியமில வாயு சூழப் பற்றவைக்கும் சி.ஓ.2 வெல்டிங்தான் நல்லது; கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். மூடும் முன் உள்பக்கம் எபாக்ஸி பிரைமர், மூடிய பின் மெழுகு கலந்த எண்ணெய்த் தெளிப்பு, அடியில் நீர் வடிய ஒரு துளை. இந்தத் துளையை விட்டுவிட்டால் மறுபடியும் இதே கதைதான்.

அம்பாசடர்_அபிமானி (மூத்த உறுப்பினர்)
காலை 8.30

துளை போடச் சொன்னது சரி. அதை நானும் எப்போதும் வலியுறுத்துவேன்.

திருவொற்றியூர்_வாசி
ஞாயிறு, மாலை 5.15

பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். இடப்பக்க முன் அவுட்ரிகரில் திருப்புளி பிடி வரை இறங்கியது. உள்ளிருந்து கையளவு சேறு கொட்டியது. தூணுக்குக் கீழே பலகை வைத்துச் சற்றே உயர்த்தியதும் கதவு விரலால் தள்ளியே சாத்தியது. கதவு தேடுவதை நிறுத்திவிட்டேன். அவுட்ரிகரை அட்டையில் அச்சு எடுத்துச் செய்யச் சொல்லிவிட்டேன். டேங்க் கழற்றியாயிற்று. அனைவருக்கும் நன்றி.

ராயபுரம்_டிங்கர்
ஞாயிறு, மாலை 6.00

மிக்க மகிழ்ச்சி. பின்பக்க அவுட்ரிகரையும் வலப்பக்கத்தையும் தட்டிப் பார்த்தீர்களா? தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் நின்றிருக்காது.

பழைய_பதிவெண்
ஞாயிறு, இரவு 9.20

ட்ரன்னியனைக் கழற்றினார்களா என்பதையும் எழுதுங்கள், ஐயா.