அன்னபூரணியை ஓட்டிய தண்டையல்கள்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

அன்னபூரணியின் பழைய படம் ஒன்றைப் போட்டு, இது எந்தக் கப்பல் என்று ஒரு தம்பி நம் குழுவில் கேட்டிருந்தார். வந்த பதில்களில் கப்பலின் அழகு இருந்தது, வாங்கிய அமெரிக்கரின் பெயர் இருந்தது. ஓட்டிய தண்டையல்களை, அதாவது கப்பல் தலைவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

கப்பலின் கதை பலருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கரையில் நம் மேத்திரிமார் (கப்பல் கட்டும் தச்சர்கள்) கட்டிய மரக்கப்பல், 89 அடி நீளம். பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி, மனைவியின் பெயரால் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். சூயஸ் வழியாகப் போய் அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசச்சூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறையை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் நம் ஊர் மாலுமிகளும் அதில் போனார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. அரபிக் கடலில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றை வைத்துக்கொண்டு மேற்கே ஓடுவது நம்மவர்களுக்குப் பழகிய வேலை. செங்கடலின் வடபாதி அப்படியில்லை. அங்கே ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் காற்று, அதாவது சூயஸ் போகிற கப்பலுக்கு நேர் எதிரே. அன்னபூரணிக்கு இரண்டு மரம். முன்மரத்தில் குறுக்கே பருமல் என்கிற பாய்க்கழி கட்டிச் சதுரப் பாய், பின்மரத்தில் நீளவாக்கில் பாய். இப்படிப்பட்ட கப்பல் காற்றை நெருங்கி ஓடாது. வலமும் இடமுமாக வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சுக்கானைத் திருப்பியதும் அணியம், அதாவது கப்பலின் முன்முனை, காற்றுக்கு நேரே வரும். முன்பாய்களில் காற்று எதிர்ப்பக்கமாக அடித்து அணியத்தை மறுபக்கம் தள்ளும். அது போதுமான அளவு திரும்பிவிட்டது என்று தெரிகிற கணத்தில் தண்டையல் குரல் கொடுக்க வேண்டும், ஆட்கள் கயிற்றை இழுத்துப் பருமலைச் சுழற்ற வேண்டும். முந்தினால் கப்பல் திரும்பாது. பிந்தினால் பின்னுக்கு நகரத் தொடங்கும். அந்தக் கணத்தைச் சொல்லித்தரக் கருவி கிடையாது. பாய் துடிக்கிற சத்தம், காலடியில் தளத்தின் ஆட்டம், கன்னத்தில் படுகிற காற்று, இவ்வளவுதான்.

பாக்குநீரிணையில் பழகியவர்களுக்கு இன்னொன்றும் கைவந்திருந்தது. பல இடங்களில் ஐந்தாறு பாகம்கூட (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழமில்லாத கடல் அது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் உள்ள மணல் திடலைக் கண்டு விலகத் தெரியாதவர் அங்கே பாரக்கப்பல் ஓட்ட முடியாது. அந்த அறிவை மதித்துத்தான் முதலாளிகள் கப்பலையும் சரக்கையும் தண்டையல் கையில் ஒப்படைத்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ரங்கூனுக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓடியவர்களின் பிள்ளைகள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். எந்தச் சோழகக் காற்றில் (தெற்கிலிருந்து வருவது) புறப்படுவார்கள், இரவில் எந்த வெள்ளியைப் பார்த்துத் திசை பிடிப்பார்கள், புயல் வருவதை எதில் கண்டார்கள் என்று அப்பாவோ பெரியப்பாவோ சொன்னது நினைவிருந்தால் அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். எழுத நேரமில்லை என்றால் குரலைப் பதிவுசெய்து அனுப்பினாலும் போதும், தட்டச்சு செய்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வார இறுதியிலேயே தொலைபேசியில் கேளுங்கள்.

அன்புடன்.