ஆணுறை கிழிந்து 12 நாள்: இப்போதே டெஸ்ட் எடுத்தால் சரியாக வருமா?

வழிப்போக்கன்:
உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. இன்றோடு 12 நாள். எரிச்சல், புண், கசிவு எதுவும் இல்லை. உறை இல்லாமல் வாய்வழி உறவும் உண்டு. இப்போது ரத்தமும் சிறுநீரும் கொடுத்தால் பால்வினைத் தொற்று எல்லாம் தெரிந்துவிடுமா?

ஆய்வகத்தான்:
பாதிதான் தெரியும். கிருமி உடம்புக்குள் வந்த நாளுக்கும் அது டெஸ்டில் சிக்கும் நாளுக்கும் நடுவே இடைவெளி உண்டு, விண்டோ பீரியட் என்பார்கள். நோய்க்கு நோய் இந்தக் கணக்கு மாறும்.

கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் 2 வாரம் போதும். இன்னும் 2 நாள் பொறுத்துப் போங்கள். எச்.ஐ.வி.க்கு நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள். விரலில் குத்திப் பார்க்கும் ரேபிட் கிட் என்றால் 90 நாள் வரை காத்திருக்க வேண்டும். சிபிலிஸுக்கும் 90 நாள்தான் கடைசிக் கணக்கு. இன்றைக்கு இவை நெகடிவ் என்று வந்தால், இதற்கு முன்னால் தொற்று இருந்ததா என்பதற்குத்தான் அது பதில்.

சிறுநீர் கொடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதற்கு முன் குறைந்தது 1 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். முதலில் வரும் 20-30 மில்லியை மட்டும் பிடியுங்கள். கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சிறுநீர்க் கல்ச்சருக்கு 'நடுவில் வருவதைப் பிடி' என்பார்கள், இங்கே நேர் எதிர். கிருமி சிறுநீர்க் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும், முதல் பீச்சலில்தான் அது அடித்துக்கொண்டு வரும். டப்பாவை நிரப்பிக் கொடுத்தால் நீர்த்துப்போய் நெகடிவ் காட்டலாம்.

செந்தூரம்:
ஒன்று விட்டுப்போச்சு. தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீரில் தெரியாது. அதற்குத் தனியாகத் தொண்டையில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) எடுக்க வேண்டும். ஆசனவாய் உறவு என்றால் அங்கேயும். நீங்களே கேட்டால்தான் எடுப்பார்கள். பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனி ஸ்வாப் நம்பகமானது, அதைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிட்டு டெஸ்டுக்குப் போகாதீர்கள். அரைகுறையாக அடங்கிய தொற்று டெஸ்டில் நழுவிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உறை கிழிந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் டாக்டரிடம் பெப் கேளுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

வழிப்போக்கன்:
நன்றி. பேக்கேஜில் ஹெர்பீஸ் ரத்த டெஸ்டும் இருக்கிறது, எடுக்கலாமா? கிளமிடியா பாசிடிவ் என்று வந்தால்?

ஆய்வகத்தான்:
கொப்புளமோ புண்ணோ இல்லாதபோது ஹெர்பீஸ் ரத்த டெஸ்ட் வேண்டாம். அதிலும் ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடியைப் பார்க்கும் டெஸ்ட் குழப்பத்தைத்தான் தரும். கொப்புளம் வந்தால் அது காய்வதற்குள் அதிலிருந்தே ஸ்வாப் எடுக்க வேண்டும்.

கிளமிடியாவுக்கு வழக்கமாகத் தருவது டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் 2 வேளை, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து, ஆகவே சீட்டு டாக்டர் எழுதியதாகவே இருக்கட்டும். துணைக்கும் கூடவே சிகிச்சை வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி அவரிடமிருந்தே ஒட்டிக்கொள்ளும். இருவரும் முடிக்கும்வரை உறவு கூடாது.

அவசரப்பட்டு 10 நாளில் மறுபடி டெஸ்ட் எடுத்துவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று பதறுவார்கள். செத்த கிருமியின் மிச்சத்தையும் அந்த டெஸ்ட் பாசிடிவ் என்றே காட்டும். 4 வாரத்துக்கு முன் எடுப்பதில் அர்த்தமில்லை. மறுதொற்று இருக்கிறதா என்று பார்க்க 3 மாதம் கழித்து எடுங்கள்.

செந்தூரம்:
உறை ஏன் கிழிந்தது என்றும் பாருங்கள். வாசலின், எண்ணெய், பாடி லோஷன் எது தடவியிருந்தாலும் லேடெக்ஸ் சில நிமிடங்களிலேயே பலவீனமாகிவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கான் சேர்ந்த ஜெல்தான் சரி. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றாமல் மாட்டினாலும் கிழியும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவது பாதுகாப்பில்லை, உரசிக்கொண்டு கிழியும். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பி மாட்டாமல் தூக்கிப் போடுங்கள், நுனியில் பட்ட திரவம் வெளிப்பக்கம் வந்துவிடும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ரத்தம் கொடுக்கும் நாளிலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்தது 1 மாதத்தில், மூன்றாவது 6-ஆம் மாதத்தில்.