பொருள்: முழங்கால் ஒட்டுநாண் – ‘வலிமை’ என்ற ஒரு சொல் போதாது

மடல் 1 – இயன்முறை மருத்துவர், ஹலசூரு, பெங்களூரு

மருத்துவத் தமிழுக்குச் சொல் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம்.

முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் முன் குறுக்குப் பிணைநார் (ACL) அறுந்து, அறுவை முடிந்தவர்களுக்கு இங்கே கொடுக்கப்படும் தமிழ்க் கையேடு ஒன்றில் இப்படி ஒரு வரி: ‘புதிதாக வைத்த தசைநாரின் வலிமை பழைய தசைநாரைப்போல் இரு மடங்கு.’ ஆறாம் வாரம் வீக்கம் வடிந்து, வலியும் குறைந்தவர் இதைப் படித்தால் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஓடுகிற பேருந்தில் ஏறப் பார்ப்பார். வைத்த நாண் மிக நொய்ந்திருப்பதோ அந்த வாரங்களில்தான்.

வரி பொய்யில்லை. ‘வலிமை’ என்ற சொல் நான்கு வேறு அளவுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ‘தசைநார்’ அதைவிட மோசம். செய்தித்தாள்களில் தசையை எலும்போடு சேர்ப்பதும் தசைநார், எலும்பை எலும்போடு பிணைப்பதும் தசைநார். முதலாவதை எடுத்து இரண்டாவதன் இடத்தில் வைப்பதுதான் இந்த அறுவையே. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் நோயாளிக்கு எதை விளக்குவது? கன்னடத்தில் ஸ்நாயுரஜ்ஜு, அஸ்திரஜ்ஜு என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். நாமும் தசைநாண், பிணைநார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்து வைப்பது ஒட்டுநாண். மற்றவற்றுக்குச் சொல் வேண்டும்.

மடல் 2 – எலும்பு மூட்டு அறுவை மருத்துவர், ஜெயநகர்

முதலில் எண்கள். அவை இல்லாமல் சொல் செய்தால் காற்றில் நிற்கும்.

1991-இல் வெளியான சோதனையில் 22 முதல் 35 வயதுக்குட்பட்டோரின் பிணைநார் சராசரியாக 2160 நியூட்டனில் அறுந்தது. ஏறத்தாழ 220 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். 60 வயதைத் தாண்டியோரிடம் அது 658 நியூட்டன்தான். ஆகவே ‘பழையதைப்போல் இரு மடங்கு’ என்றால் யாருடைய பழையது என்று முதலில் கேட்க வேண்டும்.

சில்லுநாணின் (முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணின்) நடுப்பகுதியை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு 10 மி.மீ. அகலத்துக்கு எடுத்தால் 2977. தொடைப் பின்தசை நாண்கள் இரண்டையும் மடித்து நான்காக்கினால் 4090. கையேட்டின் ‘இரு மடங்கு’ இந்தக் கடைசி எண்ணிலிருந்து வந்திருக்க வேண்டும்.

அந்த 4090-க்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. 1999-இல் வந்த ஆய்வில் நான்கையும் எடை கட்டிச் சமமாக இழுத்தபோதுதான் அந்த எண் கிடைத்தது. கையால் இழுத்துப் பிடித்தபோது 2831-ஆக இறங்கிவிட்டது. அப்படிப் பிடித்த நான்கு, சமமாக இழுத்த இரண்டைவிடக் குறிப்பிடும்படி வலுவாக இல்லை. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் இது அதில் தெரிய வேண்டும்.

மடல் 3 – பொருளியல் சோதனைப் பொறியாளர், யஷ்வந்த்பூர்

டாக்டர் தந்த எண்களெல்லாம் விசை. பாடநூலில் தகைவு என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. இரண்டையும் ‘வலிமை’ என்று எழுதினால் கணக்கே தவறும். 7 மி.மீ. விட்டமுள்ள ஒட்டுநாணின் குறுக்குவெட்டு 38.5 சதுர மி.மீ.; 8 மி.மீ. என்றால் 50.3. பொருள் ஒன்றே, தகைவும் ஒன்றே. ஆனால் தாங்கும் விசை கிட்டத்தட்ட 31 விழுக்காடு கூடுகிறது. மருத்துவர்கள் 8 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

பெயருக்கு நம் வினைச்சொற்களையே கேட்கலாம். கம்பு முறியும், துணி கிழியும், கயிறு அறும். பாடநூல்களின் ‘முறிவு’ கம்பிக்கும் கழிக்கும் சரி, நாணுக்கு ஒட்டாது. ‘கிழிவு’ ஓரத்தில் தொடங்கிப் பரவுவது. நாண் அறுகிறது. எனவே அறுவிசை.

இரண்டாவது, ஒரு மி.மீ. நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற அளவு. இயற்பிணைநாருக்கு, அதாவது பிறப்பிலேயே உள்ள பிணைநாருக்கு, 242 நியூட்டன், சமமாக இழுத்த நான்குக்கு 776. இதற்கு விறைப்பு.

சோதனைச் சாலையில் செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாண் வழுவழுப்பானது, சாதாரணப் பிடியில் வழுக்கும். உலர் பனிக்கட்டியால் பிடிமுனையை உறையவைத்துக் கவ்வ வேண்டும். இல்லையேல் வழுக்கிய விசையை அறுந்த விசையாகக் குறித்துவிடுவோம்.

மடல் 4 – மொழிபெயர்ப்பாளர், ஃப்ரேசர் டவுன்

ஐயா, வினையைக் கேட்கச் சொன்னது மிகச் சரி. ஆனால் ‘அறுவிசை’யைப் பார்த்தவுடன் அறுசுவை, அறுபடை வரிசையில் ‘ஆறு விசைகள்’ என்றுதான் கண் படிக்கும். ‘அச்சு இறும்’ என்ற பழைய வழக்கை வைத்து ‘இறுவிசை’ என்று யோசித்தேன். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் ஒடிவதுதான் அந்த இடத்துப் பொருள், ‘இறுதி’யும் உள்ளே கேட்கிறது. ஆனால் இன்று ‘இறு’ என்றால் இறுகுவதுதான் முதலில் தோன்றும், பொருள் நேர்மாறாகிவிடும். நீளமானாலும் ‘அறுபடு விசை’யே குழப்பமில்லாதது.

‘விறைப்பு’ கூடவே கூடாது. ‘முட்டி விறைச்சுப் போச்சு’ என்று நோயாளி சொல்வது மடங்காத மூட்டை. ‘உங்கள் ஒட்டுநாணுக்கு விறைப்பு அதிகம்’ என்று எழுதினால் பயந்துவிடுவார். மின்தடை என்கிறோமே, அதுபோல் ‘நீட்சித்தடை’ என்றால் நீள மறுக்கும் அளவு என்பது சொல்லிலேயே தெரியும்.

அந்த நான்கு: ‘நாற்புரி’ என்று எழுதுவோர் உண்டு. புரி என்றால் முறுக்கு. இங்கே நாண்களை முறுக்குவதில்லை, அருகருகே படுக்க வைக்கிறார்கள். ‘இழை’ அதனினும் நுண்ணிய நாரைக் குறிக்கும். இரட்டைவடச் சங்கிலியில் இருக்கிற வடம்தான் பொருத்தம்: நால்வடம். டாக்டர் கேட்ட நிபந்தனையும் அதில் இருக்கிறது. தேரின் ஒரு வடம் தொய்ந்தால் மற்றது முழுப் பாரத்தையும் வாங்கும் என்பது நமக்குத் தெரியாததில்லை.

‘ஒட்டு’ துணி ஒட்டைப்போல் ஒலிக்கிறதே என்று முதலில் தயங்கினேன். ஒட்டுமாங்கன்றை நினைத்ததும் தயக்கம் போய்விட்டது. அங்கும் கட்டு முதலில் பிடிக்கிறது, பிறகுதான் உயிர் சேர்கிறது.

மடல் 5 – எலும்பு மூட்டு அறுவை மருத்துவர், ஜெயநகர்

அம்மா சொன்ன மாங்கன்றுதான் விட்டுப்போன மூன்றாவது அளவு. தொடக்க வாரங்களில் நாண் நடுவில் அறுவது அரிது. எலும்பில் துளைத்த சுரங்கத்தில் நாணைப் பிடித்திருக்கும் திருகாணி இடத்தில் வழுக்கும், அல்லது கட்டிய நூல் நாணை அறுத்துக்கொண்டு வரும். எலும்புத் துண்டுள்ள சில்லுநாண் சுரங்கத்தில் சேர 6 முதல் 8 வாரம், வெறும் நாண் சேர 8 முதல் 12 வாரம். அதுவரை 4090 என்பது வெறும் எண். தாங்குவது கட்டுதான். இதைப் ‘பிடிப்பு’ என்றால் தசைப்பிடிப்பாகிவிடும். ‘பிடிமான விசை’ என்போம்.

கீழ்க்கால் எலும்பு முனைதான் பெரும்பாலும் நலிந்தது. அங்கே எலும்பு மென்மை, இழுப்பும் சுரங்கத்தின் நேர்க்கோட்டிலேயே வருகிறது. திருகாணி சுரங்கத்தோடு இணையாகப் போகாமல் 30 பாகைக்கு மேல் விலகினால் பிடிமானம் விழும். மேல்முனையில் நாணைத் தாங்கும் சிறு உலோகப் பொத்தான் எலும்பின்மேல் உட்காராமல் இடையில் தசை சிக்கினால், சில நாளில் அந்தத் தசை நசுங்கி நாண் தொளதொளக்கும்.

‘தொய்வு’ என்ற சொல்லையும் ஏற்க வேண்டுகிறேன். புதுக் கொடிக்கயிறு கட்டின மறுநாளே தொய்வதுபோல், நாணும் நிலையான இழுப்பில் மெல்ல நீளும். அதனால் வைக்குமுன் நாணைத் தயாரிக்கும் பலகையில் 80 நியூட்டன், அதாவது 8 கிலோ அளவுக்கு 10 முதல் 15 நிமிடம் இழுத்து வைக்கிறோம். பொருத்தியபின் முழங்காலை 20 தடவை மடக்கி நீட்டிவிட்டுத்தான் கடைசி முனையைப் பூட்டுகிறோம். பலகையில் செய்வது முன்னிழுப்பு, பூட்டும்போது தருவது நாணேற்றம். நாண் என்று பெயர் வைத்ததற்கு ஏற்ற சொல்.

மடல் 6 – இயன்முறை மருத்துவர், ஹலசூரு

அறுபடு விசை, நீட்சித்தடை, பிடிமான விசை மூன்றும் இருக்கட்டும். தகைவு பொறியாளர் கணக்கில் இருந்தால் போதும், கையேட்டுக்கு வேண்டாம். நான்காவதாகக் காலம் வருகிறது.

வைத்த நாணுக்கு முதலில் இரத்த ஓட்டம் இல்லை. உள்ளிருக்கும் உயிரணுக்கள் மடிகின்றன, புதிய குழாய்கள் நுழைகின்றன, பழைய நார் கரைந்து புது நார் அமைகிறது. விலங்குச் சோதனைகளில் ஆறு முதல் எட்டு வாரத்தில் அறுபடு விசை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. 1986-இல் முயல்களில் கண்டு பெயரிடப்பட்ட இந்த மாற்றத்துக்குப் ‘பிணைநாராதல்’ என்பது நேரான சொல். நடுவிலுள்ள மெலிந்த கட்டத்துக்கு ‘நொய்வுக்காலம்’ என்கிறேன். ‘இற்றுப்போதல்’ என்றால் திரும்பாத அழிவு என்று படும், நொய்ந்தது தேறும்.

கையேட்டு வரியை இப்படி மாற்றலாமா?

‘உங்கள் தொடைத் தசைநாண்களை மடித்து நால்வடமாக்கி வைத்திருக்கிறோம். வைத்த நாளில் அதன் அறுபடு விசை இயற்பிணைநாரைவிட அதிகம். ஆனால் முதல் 12 வாரம் அதைத் தாங்குவது எலும்பில் உள்ள பிடிமானம்தான். அந்த வாரங்களிலேயே நாணும் நொய்ந்திருக்கும். வலி போனது நாண் தேறியதற்கு அடையாளமல்ல. ஊன்றுகோலை நாங்கள் சொல்லும் வரை விடாதீர்கள். ஓட்டம் பிசியோ சோதனைக்குப் பிறகு. திரும்பித் தாவும் விளையாட்டு 9 மாதத்துக்கு முன் வேண்டாம்.’

‘இயற்பிணைநார்’ மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நோயாளி ‘என் சொந்த நார்’ என்பார். ஆனால் ஒட்டுநாணும் அவருடைய சொந்த உடம்பிலிருந்து எடுத்ததுதானே. ‘பிறவிநார்’ சரிவருமா?