ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் வலையமைப்பை விரிவாக்குவது எப்படி? (கிளவுட்ஸ்டாக்)

கேள்வி (ஒத்தக்கடை)

வணக்கம். மதுரை இலந்தைக்குளத்தில் ஒரு சிறு நிறுவனத்தின் சர்வர்களைக் கவனித்து வருகிறேன். கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளுக்கும் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங், இருப்புக் கணக்கு ஆகியவற்றை எங்கள் சொந்த சர்வர்களிலேயே இயக்கித் தருகிறோம். மெய்நிகர் கணினிகளையும் அவற்றின் வலையமைப்புகளையும் மேலாண்மை செய்ய அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் என்ற மென்பொருள், அடியில் அக்கணினிகளை இயக்கும் கே.வி.எம்.

கடைகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில் அமைத்த ஒரே ஐசொலேட்டட் நெட்வொர்க்கில்தான் (தனக்கான மெய்நிகர் ரூட்டர் வழியாக வெளியுலகோடு பேசும் தனித்த வலையமைப்பு) இன்றும் எல்லா மெய்நிகர் கணினிகளும் இருக்கின்றன. அதன் முகவரி எல்லை 10.1.1.0/24. பயன்படுத்தத்தக்க 253 முகவரிகளில் 252 செலவாகி, ஒன்றே ஒன்று மீதமிருக்கிறது. இரவு எட்டு மணிக்குமேல் கடைகள் கணக்கு முடிக்கும்போது மெய்நிகர் ரூட்டரின் சி.பி.யூ. முழுவதும் நிரம்பி, பில் பதிவாகத் தாமதமாகிறது.

தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் ஒரே இரவில் மூன்று வேலைகளை முடிக்க நினைக்கிறேன்: இரட்டை ரூட்டர் உள்ள நெட்வொர்க் ஆஃபரிங்குக்கு (வலையமைப்பின் வசதிகளைக் குறிக்கும் வார்ப்புரு) மாறுவது, /24 எல்லையை நான்கு மடங்கு பெரிய /22 ஆக்குவது, 'கிளீன் அப்' தேர்வோடு நெட்வொர்க்கை ரீஸ்டார்ட் செய்வது. இது சரியான வழியா? சோதனை வலையமைப்பில் ரீஸ்டார்ட் செய்தபோது, எனக்கு முன் இருந்தவர் ரூட்டருக்குள் கையால் சேர்த்திருந்த ஒரு ரூட் (தரவு செல்ல வேண்டிய வழிக்கான குறிப்பு) காணாமல் போய்விட்டது. அதிலிருந்து எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி 1 (தல்லாகுளம்)

தம்பி, உங்கள் தயக்கம் நியாயமானதே. மூன்றையும் ஒரே இரவில் செய்யாதீர்கள். ஏதேனும் பிசகினால் எதனால் பிசகியது என்று கண்டுபிடிக்கவே விடிந்துவிடும்.

முதலில் காணாமல் போன அந்த ரூட். 'கிளீன் அப்' என்பது பழைய ரூட்டரை அழித்துவிட்டுப் புதியதொன்றை எழுப்புவதாகும். போர்ட் ஃபார்வர்டிங், ஃபயர்வால், லோடு பேலன்சர் என மேலாண்மை சர்வரின் தரவுத்தளத்தில் பதிவான விதிகள் அனைத்தும் புதிய ரூட்டரில் மீண்டும் எழுதப்படும்; உள்ளே நுழைந்து கையால் செய்த மாற்றம் எதுவும் மிஞ்சாது. ஆகவே நேரலை ரூட்டரில் அப்படிப்பட்டவை எவையெவை உள்ளன என்று இன்றே எழுதி வையுங்கள்.

அடுத்து, நீங்கள் கவனிக்காத ஒன்று. ஒற்றை ரூட்டர் உள்ள ஐசொலேட்டட் நெட்வொர்க்கில் அந்த ரூட்டரே கேட்வே முகவரியை, அதாவது கணினிகள் வெளியே செல்லும் வாயிலின் முகவரியை, வைத்துக்கொள்கிறது. இரட்டை ரூட்டராக மாற்றினால், கேட்வே முகவரி இரண்டுக்கும் பொதுவாகி, வி.ஆர்.ஆர்.பி. என்ற, ரூட்டர்கள் ஒரே முகவரியைப் பகிரும் முறையில் அப்போது முதன்மையாக இருப்பதிடம் நிற்கும்; அதற்குமேல் ஒவ்வொரு ரூட்டருக்கும் உள்முகவரி ஒன்று தனியாக வேண்டும். உங்களிடம் மீதமிருப்பது ஒன்று, தேவையோ இரண்டு. பயன்படாத இரண்டு மூன்று கணினிகளையாவது நீக்கி முகவரிகளை விடுவித்த பிறகே ஆஃபரிங்கை மாற்ற முடியும்.

எல்லையை /22 ஆக நீட்டுவதைப் பற்றிச் சொல்வதென்றால், கணினிகள் ஓடும் ஐசொலேட்டட் நெட்வொர்க்கை அப்படி இழுத்து அகலமாக்க வழி இல்லை. அங்கே 'கெஸ்ட் வி.எம். சி.ஐ.டி.ஆர்.' என்றொரு கட்டம் இருப்பதைப் பார்த்துச் சிலர் ஏமாறுவார்கள். அது உள்ள எல்லைக்குள் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதற்கு மட்டுமே உதவும். தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைப்பவர்களும் உண்டு. வியாபாரிகளின் கணக்கு ஓடும் இடத்தில் அதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன், உங்களையும் செய்ய விடமாட்டேன்.

வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் வி.பி.சி. (ஒரே ரூட்டரின்கீழ் பல உள்வலையமைப்புகளை, அதாவது அடுக்குகளை, வைத்துக்கொள்ளும் தனி வலையமைப்பு) ஒன்றைப் புதிதாக உருவாக்குங்கள். அதற்கு 10.20.0.0/16 போன்ற அகலமான எல்லையைக் கொடுத்து, மளிகைக்கு ஓர் அடுக்கு, ஜவுளிக்கு ஓர் அடுக்கு எனப் பிரித்துக்கொள்ளலாம். நாளைக்கு இன்னோர் அடுக்கு சேர்க்க வேண்டுமானாலும் பழையவற்றைத் தொட வேண்டியதில்லை. இப்போதுள்ள நெட்வொர்க்கை வி.பி.சி.க்குள் இழுத்துச் செருக முடியாது என்பதால், ஒவ்வொரு கணினிக்கும் புதிய அடுக்கில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைச் சேர்த்து, அதை இயல்புக் கார்டாக்கி, எல்லாம் சரியென்று உறுதியான பின் பழைய கார்டை நீக்க வேண்டும். நாளுக்கு நான்கைந்து கடைகள் என்று நகர்த்தினால் போதும்.

மறுமொழி 2 (மேலூர்)

மேலே ஐயா சொன்னது அனைத்தும் சரி. ரூட்டரின் வேகத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். உடனடி நிவாரணத்துக்கு, நள்ளிரவில் ரூட்டரை நிறுத்தி, கூடுதல் சி.பி.யூ.வும் நினைவகமும் உள்ள சிஸ்டம் ஆஃபரிங்குக்கு மாற்றித் தொடங்கலாம். அந்த இடைவெளியில் வெளித்தொடர்புதான் அறுபடும். ஒரே நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வது நிற்காது. ஆனால் அந்த மாற்றம் அந்த ஒரு ரூட்டரோடு முடிந்துவிடும். அடுத்த முறை யாராவது 'கிளீன் அப்' செய்தால், நெட்வொர்க் ஆஃபரிங்கில் குறித்திருக்கும் பழைய சிறிய அளவிலேயே புதிய ரூட்டர் எழும்பும். நிலைக்க வேண்டுமென்றால் பெரிய அளவை ஆஃபரிங்கிலேயே குறித்துவிடுங்கள். வி.பி.சி.யில் எல்லா அடுக்குகளின் போக்குவரத்தும் ஒரே ரூட்டர் வழியாகத்தான் செல்லும் என்பதால், அங்கே இதில் இன்னும் தாராளமாக இருங்கள்.

ஒவ்வோர் அடுக்கும் ஒரு விலான் எண்ணை (ஒரே கம்பியில் ஓடும் வலையமைப்புகளைப் பிரித்தறியும் எண்) எடுத்துக்கொள்ளும். நெறிமுறை தருவது 4094 எண்கள் என்றாலும், உங்கள் சோனுக்கு (கிளவுட்ஸ்டாக்கில் ஒரு தரவு மையப் பிரிவு) எத்தனை ஒதுக்கினீர்கள் என்று முன்பே பாருங்கள். அந்த விலான் எண்களின் எல்லையைக் கூட்டினால், ஸ்விட்ச்சில் பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டுகளிலும் அதே எண்களை அனுமதிக்க வேண்டும். இதை மறந்து ஒரு முழு இரவை நான் இழந்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சிஸ்டம் ஆஃபரிங்கை நேற்றிரவே மாற்றினேன். இன்று எட்டரை மணிக்கும் பில் தடையின்றிப் பதிவாகிறது. வி.பி.சி.க்கு நகர்த்தும்போது வெளி முகவரி என்னவாகும்? சில கடைகளில் பில் இயந்திரத்துக்குள் ஐ.பி. எண்ணையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மறுமொழி 1 (தல்லாகுளம்)

பொது ஐ.பி. பழைய நெட்வொர்க்குக்கு உரியது. அதுவும் அதன் போர்ட் விதிகளும் தாமாக உடன் வரமாட்டா. வி.பி.சி.யில் வேறு முகவரி பெற்று, விதிகளைப் புதிதாக எழுத வேண்டும். டொமைன் பெயரால் இணையும் கடைகளுக்கு, டி.என்.எஸ். பதிவின் டி.டி.எல். மதிப்பை (பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) சில நாட்கள் முன்னதாகவே 300 நொடிகளாகக் குறைத்துவிட்டால் மாற்றம் விரைவில் பரவும். எண்ணை எழுதி வைத்திருக்கும் கடைகளுக்கு ஆள் அனுப்பிப் பெயராக மாற்றியாக வேண்டும். அந்தப் பட்டியலை முதலில் எடுங்கள். அது முடியும்வரை பழைய நெட்வொர்க்கை நீக்காதீர்கள்.