பதில்: எரிபொருள் கலத்துக்கு ‘நீர் மேலாண்மை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எரிபொருள் கலம், அதாவது ஹைட்ரஜனையும் காற்றையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் கருவி. அதனுள் நீரின் அளவைச் சரியாக வைத்திருப்பதற்கு நம் ஆற்றல் துறைச் சொல் தொகுப்பில் எந்தத் தமிழ்ச் சொல்லைச் சேர்ப்பது என்று மூன்று நாளாக ஓடும் இழையை நேற்றிரவுதான் ஒரே மூச்சில் படித்தேன். நானும் ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: ‘நீர்ப்பதம்’. அதைக் காக்கும் வேலைக்குப் ‘பதம்பேணல்’. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘நீர் மேலாண்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம் ஐயா, பிழை இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் ஏரியும் மதகும் வாய்க்காலும்தான் கண்ணில் வருகின்றன. இருக்கும் தண்ணீரை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதுதான் நம் மனத்தில் மேலாண்மை. எரிபொருள் கலத்தில் பங்கீடு என்று எதுவும் இல்லை. ஒரு மெல்லிய சவ்வை எந்நேரமும் ஒரே பக்குவத்தில் வைத்திருப்பதுதான் வேலை.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் நாஃபியான் (ஒரு வகை நெகிழி) போன்ற சவ்வு. அந்தச் சவ்வில் டெஃப்லான் மாதிரியான சங்கிலியிலிருந்து சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் கிளைவிட்டிருக்கும். ஹைட்ரஜனிலிருந்து பிரிந்த புரோட்டான் சவ்வைக் கடந்து காற்றுப் பக்கம் போக வேண்டும். அமிலத் தொகுதிகளைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் அதற்கு வழி கிடைக்கும். சவ்வு காய்ந்தால் மின்தடை ஏறும். தடை ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் சவ்வு இன்னும் காயும். சரி, தண்ணீரைத் தாராளமாக விடலாமே என்றால், காற்றுப் பக்கத்தில் காற்றை உள்ளே விடும் கார்பன் தாளின் நுண்துளைகளில் நீர் நின்றுவிடும். ஆக்சிஜன் உள்ளே புக முடியாமல் மின்னழுத்தம் சரியும். இத்தனைக்கும் கலமே தண்ணீரைச் சுரக்கிறது: 1 கிலோ ஹைட்ரஜன் செலவானால் ஏறக்குறைய 9 லிட்டர். அப்படியிருந்தும் சவ்வின் ஒரு ஓரம் காய்ந்து கிடக்க, இன்னொரு ஓரத்தில் நீர் தேங்கி நிற்கும். இரண்டும் ஒரே கலத்தில், ஒரே நேரத்தில்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1965-இல் ஜெமினி 5 விண்கலத்தில் இந்த வகைக் கலங்கள் பறந்தபோது, எடையற்ற நிலையில் நீர் தானாக வடியாது என்பதால் திரி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். நம் விளக்குத் திரி செய்யும் அதே வேலை. 2014-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில் வெளியிலிருந்து ஈரமூட்டும் கருவியையே எடுத்துவிட்டார்கள். கலம் சுரக்கும் நீரே மெல்லிய சவ்வின் வழியாகத் திரும்பிச் சுற்றி வரும்படி அமைத்தார்கள். ஐம்பது ஆண்டு உழைப்பு இந்த ஒரு பக்குவத்தின் மேல் போயிருக்கிறது. அதற்கு ஏற்ற சொல் வேண்டாமா?

> ‘ஈரப்பதம்’ இருக்க ‘நீர்ப்பதம்’ எதற்கு?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. இந்தத் துறையில் ‘ஈரம்’ மூன்று இடத்தில் இருக்கிறது: உள்ளே வரும் வாயுவில் ஆவியாக, சவ்வுக்குள் அமிலத் தொகுதிகளோடு ஒட்டி, துளைகளில் திரவமாக. மூன்றையும் ‘ஈரப்பதம்’ என்று எழுதினால் படிக்கிற மாணவருக்கு ஒன்றும் விளங்காது. ஈரப்பதம் வாயுவுக்கே இருக்கட்டும், வானிலை அறிக்கை அதை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. சவ்வுக்குள் இருப்பது நீர்ப்பதம். துளையில் நிற்பது வெறும் நீர்.

சவ்வின் நீர்ப்பதத்தை எண்ணாகவே சொல்கிறார்கள். ஒரு சல்ஃபோனிக் தொகுதிக்கு எத்தனை நீர் மூலக்கூறு என்பதே கணக்கு. லாம்டா என்ற குறியீட்டால் எழுதுவார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 1991-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், நிறைவுற்ற நீராவியில் இருக்கும் நாஃபியானுக்கு இது சுமார் 14. திரவ நீரில் மூழ்கியிருந்தால் சுமார் 22. இதை ‘நீர்ப்பத எண்’ என்று சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்துவிடுகிறது.

‘பதம்’ என்ற சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிடிப்பு உண்டு. அது அளவை மட்டும் சொல்லாது, சரியான அளவைச் சொல்லும். பாகு பதம், உழவுப் பதம், சோற்றுப் பதம். எல்லாவற்றிலும் இந்தப் பக்கம் தவறினாலும் கெட்டது, அந்தப் பக்கம் தவறினாலும் கெட்டது. சவ்வின் நிலையும் அதுவே.

> ‘நீரேற்றம்’ பாடநூலிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. வேதியியலில் ‘நீரேற்ற ஆற்றல்’ எல்லோரும் படித்ததுதான். ஆனால் நாம் தொகுப்பது ஆற்றல் துறைச் சொற்கள். அங்கே கடம்பாறை என்றாலே நீரேற்று மின் நிலையம், அதாவது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து இறக்கி மின்சாரம் எடுப்பது. ஒரே அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் குழப்பம்தான். அதோடு ‘ஏற்றம்’ ஒரு செயலைச் சொல்கிறது, நமக்கு வேண்டியது ஒரு நிலை.

‘பதங்காத்தல்’ என்று யோசித்தவரும் நானே. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது ‘பதங்கமாதல்’ (திடப்பொருள் நேரே ஆவியாவது) காதில் இடறியது. ‘பதப்படுத்தல்’ ஊறுகாய்க்கும் மீனுக்கும் போய்விட்டது, ‘பதனிடல்’ தோலுக்கு. அதனால் ‘பதம்பேணல்’.

> நெல்லுக்குச் சொல்லும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ இங்கே அழகாகப் பொருந்துமே.

இதைப் படித்ததும் மனம் குளிர்ந்தது அம்மா. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். வயலில் காயவிட்டுப் பாய்ச்சுவது பயிருக்கு நல்லது. சவ்வுக்கு அது கேடு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். திரும்பத் திரும்ப அப்படியானால் வெடிப்பு விடும், ஹைட்ரஜன் கசியும். சொல் நேர்மாறான பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

ஆனால் உங்கள் வயலிலிருந்தே வேறொரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். துளைகள் நீரால் நிறைவதற்கு ‘வெள்ளப்பெருக்கு’ என்று முதல் மடலில் இருந்தது. அது பெரிய சொல். இங்கே நடப்பது ஓட்டம் இல்லை, தேக்கம். வடிகால் இல்லாத வயலில் நீர் நின்றால் வேருக்குக் காற்றுப் போகாது. கலத்தில் வினையூக்கிக்கு ஆக்சிஜன் போகாது. காரணமும் விளைவும் அப்படியே ஒத்துப்போகின்றன. ஆகவே ‘நீர்த்தேங்கல்’. எதிர்நிலைக்குச் ‘சவ்வு காய்தல்’ என்று எளிதாக எழுதினால் போதும். ‘நீரடைப்பு’ சித்த மருத்துவத்தில் வேறு பொருள், தொட வேண்டாம்.

அப்புறம், புரோட்டான் போகும்போது தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறதே, அதற்கு ‘மின்சவ்வூடுபரவல் இழுவிசை’ என்று ஒருவர் தந்திருந்தார். சரியான மொழிபெயர்ப்புதான், ஆனால் வகுப்பில் சொல்ல வாய் வலிக்கும். ‘உடனிழுப்பு’ என்கிறேன். நீரில் முழுக்க ஊறிய நாஃபியானில் ஒரு புரோட்டானுக்கு உடனிழுப்பு சுமார் 2.5 மூலக்கூறு. அதனால்தான் ஹைட்ரஜன் பக்கம் முதலில் காய்கிறது. காற்றுப் பக்கம் சேர்ந்த நீர் செறிவு வேறுபாட்டால் திரும்பி வருவது ‘மீள்பரவல்’. சவ்வு மெலிதாக மெலிதாக மீள்பரவல் கூடும். மிராய் காரில் பலித்தது இந்த வழிதான்.

மேலே எங்கும் நான் ‘நேர்மின்வாய்’, ‘எதிர்மின்வாய்’ என்று எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். மின்னாற்பகுப்பில் ஹைட்ரஜன் வருவது எதிர்மின்வாயில். எரிபொருள் கலத்தில் ஹைட்ரஜன் ஆக்சிஜனேற்றம் அடையும் முனைக்குப் பாடநூல் முறைப்படி ‘நேர்மின்வாய்’ என்று பெயர், ஆனால் மின்சுற்றில் அதுதான் எதிர்முனை! சொல்லே பொய் சொல்கிறது. ஆனோடு, கேத்தோடு என்றே எழுதலாம், அல்லது ஹைட்ரஜன் பக்கம், காற்றுப் பக்கம். இதில் தனித்தமிழ் நண்பர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் மாணவர் பக்கமே நிற்கிறேன்.

சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025-இல் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை ஓட்டிப் பார்த்த செய்தி வந்தது முதல் பள்ளிப் பிள்ளைகளே இதைப் பற்றிக் கேட்கிறார்கள். தொகுப்பை இந்த மாதமே முடித்துவிட்டால் நல்லது.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடநூல்களில் ஐதரசன், ஒட்சிசன், அனோட்டு, கதோட்டு என்றுதான் வரும். ‘ஈரப்பதன்’ என்றும் எழுதுவீர்கள். அப்படியானால் அங்கே ‘நீர்ப்பதன்’ என்று எழுதுவதா, ‘நீர்ப்பதம்’ என்றே விடுவதா? வகுப்பெடுப்பவர்கள் சொன்னால் இரண்டு வடிவத்தையும் சேர்த்தே பதிந்துவிடலாம்.

அன்புடன்.