குறுங்குழல் ரிவால்வரில் தற்காப்புக்கு எந்தத் தோட்டா?

கேள்வி – எழுதியவர்: புதுக்கை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உரிமம் பெற்ற .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று இருக்கிறது. ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். குழலின் நீளம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சட்டகம் அலுமினியக் கலவை என்பதால் எடை 425 கிராம்தான். முறையான பயிற்சி முடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன.

வாங்கும்போதே விற்பனையாளர் 'பிளஸ் பி' எனப்படும் கூடுதல் அழுத்தத் தோட்டாக்களை எடுத்துக் கொடுத்து, குழல் குட்டையாக இருப்பதால் இழக்கும் வேகத்தை இவைதான் ஈடுகட்டும் என்றார். சென்ற வாரம் பயிற்சிக் களத்தில் அந்த 158 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அளவு) தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு குண்டுகள் குறியில் பட்டன. மூன்றாவதில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோல் கிழிந்தது. நான்காவதையும் ஐந்தாவதையும் சுடுவதற்கு முன்பே, வரப்போகும் உதையை நினைத்துக் கை தானாகக் கீழே தாழ்ந்துவிட்டது. இரண்டுமே அட்டைக்கு வெளியே போயின. எனக்கு வயது ஐம்பத்தேழு; வலது மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவும் உண்டு.

முனையில் குழிவுள்ள ஹாலோ பாயின்ட் குண்டுதான் வேண்டும் என்று சிலரும், குட்டைக் குழலில் அது விரியவே விரியாது என்று சிலரும், அதைப் பயன்படுத்துவதே சட்டவிரோதம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். வலுவான தோட்டாவைப் பொறுத்துக்கொண்டு பழகுவதா, என் கைக்கு அடங்கும் மென்மையான தோட்டாவை வைத்துக்கொள்வதா என்பதே என் கேள்வி. இப்பெண்ணுக்கு நல்வழி காட்டுங்கள்.

மறுமொழி 1 – எழுதியவர்: பழைய பயிற்றுநர்

வணக்கம், சகோதரி. உங்கள் நான்காவது, ஐந்தாவது குண்டுகளே உங்கள் கேள்விக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டன. ஐந்தே தோட்டாக்கள் உள்ள கருவியில் இரண்டு வீணாவது என்பது எந்த அழுத்தத்தாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு.

முதலில் குழலைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் நான்கு அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும் தூரம் பாதியாகக் குறைந்தால் வேகமும் குறையும். 158 கிரெயின் பிளஸ் பி குண்டுக்குப் பெட்டியில் நொடிக்கு 890 அடி என்று போட்டிருந்தால், உங்கள் குழலில் அது 800க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அழுத்தத்தைப் பாருங்கள்: சாதாரண .38 ஸ்பெஷலுக்கு உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. பிளஸ் பி தோட்டாவுக்கு 20,000. இந்தச் சிறிய ஏற்றத்தால் கிடைக்கும் கூடுதல் வேகம் அடியில் எண்ணக்கூடிய அளவுதான். ஆனால் 425 கிராம் துப்பாக்கியில் அதை உங்கள் மணிக்கட்டு முழுமையாக வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று, பழைய அலுமினியச் சட்டகங்கள் பல பிளஸ் பி தோட்டாவுக்கு உரியவை அல்ல. உங்கள் துப்பாக்கியோடு வந்த கையேட்டில் அனுமதி எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது ஹாலோ பாயின்ட். அந்தக் குழிக்குள் ஈரத்தசை அழுத்தி நுழையும்போதுதான் குண்டு விரியும். அதற்குப் போதிய வேகம் வேண்டும். நடுவில் கனமான துணி வந்தால் குழி அடைபட்டுப் போகும். ஒருமுறை மாணவர்களுக்காக நான்கு அடுக்கு ஜீன்ஸ் துணியின் பின்னால் நீர்க்குடுவைகளை வரிசையாக வைத்துக் குட்டைக் குழலிலிருந்து சுட்டேன். மூன்றாவது குடுவையிலிருந்து எடுத்த குண்டு உருமாறாமல் அப்படியே இருந்தது. அதன் குழிக்குள் வட்டமாக வெட்டுப்பட்ட நீலத் துணி, குப்பியில் அடைத்த தக்கையைப் போல இறுகியிருந்தது. குண்டின் பக்கவாட்டில் குழலின் வரிப்பள்ளங்கள் பதிந்திருந்ததைத் தவிர வேறு தழும்பே இல்லை. அதை இன்றும் என் பயிற்சிப் பையில் வைத்திருக்கிறேன்.

எனவே இந்த வகைத் துப்பாக்கியில் நான் முதலில் பார்ப்பது, குண்டு போதிய ஆழம் போகுமா என்பதைத்தான்; விரிவு அதற்குப் பிறகு. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரு கொள்ளையர்களுக்கும் நடந்த மோதலில், ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன குண்டு இதயத்தை எட்டுவதற்குள் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான், அன்று இரு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே, சோதனையில் உடல் தசைக்கு ஈடாக வைக்கப்படும் 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலமும் அதிகபட்சம் 18 அங்குலமும் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை அந்த அமைப்பு ஏற்றது. இலேசான ஹாலோ பாயின்ட் குண்டு குட்டைக் குழலில் நன்றாக விரிந்தால் சில நேரம் அந்தப் 12 அங்குலத்தைத் தொடுவதற்குள் நின்றுவிடும். விரியாவிட்டால் வெறும் உருண்டைமுனைக் குண்டைப் போல ஓடிவிடும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 148 கிரெயின் வாட்கட்டர். அட்டைக் குறிகளைச் சுடுவதற்காகவே உருவான தோட்டா இது. முனை என்று எதுவும் இல்லை. குண்டின் முகம் நாணயம் போலத் தட்டையாக, தோட்டாவின் பித்தளைக் கூட்டின் வாயோடு சமமாக அமர்ந்திருக்கும். தாளில் பட்டால், அலுவலகத்தில் காகிதத்தைத் துளைக்கும் கருவியால் குத்தியது போலப் பிசிறில்லாத வட்டம் விழும். பெட்டியில் எழுதியுள்ள வேகமே நொடிக்கு 700 அடி அளவுதான். விரியாது, விரிய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. 12 அங்குல ஆழத்தைச் சிரமமில்லாமல் எட்டும். உதையோ உங்கள் கைக்குப் பாதியாகத் தெரியும்.

மறுமொழி 2 – எழுதியவர்: சிலிண்டர்காரன்

அக்கா, பயிற்றுநர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். குட்டைக் குழலில் ஹாலோ பாயின்ட் விரியாது என்பது எல்லாத் தோட்டாவுக்கும் பொருந்தாது. ஸ்பியர் நிறுவனத்தின் 135 கிரெயின் கோல்ட் டாட் 'ஷார்ட் பேரல்' தோட்டா இந்த வகைத் துப்பாக்கிக்காகவே வடிவமைக்கப்பட்டது. நிறுவனம் தரும் 860 அடி வேகமே இரண்டு அங்குலக் குழலில் அளந்ததுதான். குழியின் வாய் அகலமாக இருப்பதால் குறைந்த வேகத்திலும் திறந்துகொள்கிறது. ஹார்னடி நிறுவனத்தின் 110 கிரெயின் கிரிட்டிகல் டிஃபென்ஸ் வேறு வழியில் போகிறது: துணி புகுந்து அடைக்காதபடி குழியையே சிவப்பு நெகிழ்மத்தால் நிரப்பிவிடுகிறார்கள். அதில் சாதாரண அழுத்தத் தோட்டாவும் கிடைக்கிறது. உங்கள் மணிக்கட்டுக்கு அதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

வாட்கட்டரில் எனக்குள்ள உண்மையான குறை வேறு. முகம் தட்டையாக இருப்பதால், பதற்றத்தில் மறுபடி நிரப்பும்போது சிலிண்டரின் துளைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்காது. விளிம்பில் முட்டி நிற்கும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். விரியும் குண்டுகளைத் தடை செய்த 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியது. தனிமனிதத் தற்காப்பை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் சில நாடுகளும் மாநிலங்களும் தங்கள் சொந்தச் சட்டத்தில் ஹாலோ பாயின்ட்டுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளை எழுத்தில் படித்த பிறகே வாங்குங்கள்.

மறுமொழி 3 – எழுதியவர்: பித்தளைக்கூடு

இருவர் சொன்னதும் பயனுள்ளது. எதைத் தேர்ந்தாலும், உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்காத தோட்டாவைத் தற்காப்புக்காக நிரப்பாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இலேசான ரிவால்வர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை.

துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களும் அதனுடன் வெடுக்கென்று பின்னால் இழுபடுகின்றன. பித்தளைக் கூடு பின்னால் போகிறது. கனமான குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. கூட்டின் வாய் குண்டைக் கவ்வியிருக்கும் பிடி தளர்வாக இருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் குண்டு சிறிது சிறிதாக முன்னே நகரும். சிலிண்டரின் முகப்பைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டால் அது குழலின் பின்விளிம்பில் இடித்து, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். எனக்கு ஒருமுறை நான்காவது தோட்டாவில் அப்படி நேர்ந்தது. விசையை எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. சிலிண்டரைத் திறக்கவும் முடியவில்லை. மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிக் குண்டை உள்ளே தள்ளிய பிறகே விடுபட்டது. அது பயிற்சிக் களம் என்பதால் பிழைத்தேன்.

சோதிப்பது எளிது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அடிப்பகுதியில் பேனாவால் குறியிடுங்கள். அதைக் கடைசியாக வெடிக்கும் இடத்தில் வைத்து மற்ற நான்கையும் சுட்டபின் வெளியே எடுத்து மீண்டும் அளந்து பாருங்கள். நீளம் மாறவில்லை என்றால் நம்பலாம். கண்ணுக்கே தெரியும் அளவு நீண்டிருந்தால் அந்த வகையை விட்டுவிடுங்கள். வாட்கட்டரின் உதை குறைவு என்பதால் இந்தத் தொல்லை அதில் மிக அரிது.

குண்டு படும் இடத்தையும் பாருங்கள். கனமான, மெதுவான குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் உதையால் குழல் சற்று மேலே எழும்பிவிடுவதால் அது மேலே படும். இலேசான, வேகமான குண்டு கீழே படும். உங்கள் குறிமுனை அசைக்க முடியாதது, ஆகவே துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவை நீங்கள்தான் தேட வேண்டும். பிடியை மாற்றவும் யோசியுங்கள்: சட்டகத்தின் பின்புற உலோகத்தை முழுவதும் மூடும் ரப்பர் பிடி போட்டால் அந்தத் தோல் கிழியாது. துடைக்கும்போது சிலிண்டரில் எண்ணெய் தேங்க விடாதீர்கள். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். நான் ஆண்டுக்கு ஒருமுறை இருப்பைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதை நிரப்புகிறேன்.

கேட்டவரின் பதில் – எழுதியவர்: புதுக்கை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தோல் ஆறிய பிறகு, ரப்பர் பிடி மாட்டிக்கொண்டு, நீங்கள் சொன்னபடியே சோதித்துப் பார்த்தேன். கையேட்டில் பிளஸ் பி தோட்டாவுக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் தொடர்ந்து சுட்டால் தேய்மானம் கூடும் என்றும் எழுதியிருக்கிறது.

வாட்கட்டர் ஐம்பது சுட்டேன். ஏழு மீட்டரில் ஐந்தைந்தாக, பெரும்பாலான சுற்றுகள் என் உள்ளங்கைக்குள் அடங்கின. துளைகள் பார்த்த குறிக்கு இரண்டு விரற்கடை மேலே விழுகின்றன, எல்லாம் ஒரே இடத்தில் விழுவதால் அதற்குப் பழகிக்கொள்ளலாம். ஐந்தாவது தோட்டாவின் நீளம் சிறிதும் மாறவில்லை. 135 கிரெயின் கோல்ட் டாட்டில் முதல் மூன்று உள்ளங்கைக்குள் விழுந்தன. மற்ற இரண்டும் வெளியே போயின, ஆனால் அட்டையைத் தாண்டவில்லை. அதன் ஐந்தாவது தோட்டாவும் நீளவில்லை. 110 கிரெயின் சாதாரண அழுத்தத் தோட்டா கைக்கு இதமாக இருந்தாலும், என் துப்பாக்கியில் நான்கு விரற்கடை கீழே பட்டது.

ஆகவே சிலிண்டரில் வாட்கட்டரை வைத்துக்கொள்கிறேன். மறுபடி நிரப்புவதற்கான பட்டையில் கோல்ட் டாட். முனை குவிந்திருப்பதால், சிலிண்டர்காரன் தம்பி சொன்னது போல, துளைக்குள் முட்டாமல் இறங்குகிறது. ஐந்து தோட்டாக்களையும் நிரப்பி மூட எனக்கு இப்போது பன்னிரண்டு நொடி ஆகிறது. அடுத்த வாரம் இடது கையால் மட்டும் சுட்டுப் பார்க்கப் போகிறேன். மணிக்கட்டு வலிக்கும் நாளில் அந்தக் கைதான் எனக்கு இருக்கும்.